ஈரலும் கீரையும்

(உத்திரமேரூரில் விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்றைக்கு நாம் கூலியைப் பற்றிப் பேச வரவில்லை. நிலத்தைப் பற்றியும் பேச வரவில்லை. சோற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பேசி முடிப்பதற்குள் கூலியும் நிலமும் தாமாகவே உள்ளே நுழைந்து உட்கார்ந்துகொள்ளும். அதை யாராலும் தடுக்க முடியாது.

போன வாரம் பஸ் நிலையத்தருகே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். ஒரகடத்துக்குப் போகிற கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் இளந்தோழர், "கறி துன்னாத்தாண்ணே உடம்புல தெம்பு நிக்கும். பருப்பும் கீரையும் துன்னுட்டு மிஷினாண்ட எட்டு மணி நேரம் நிக்க முடியுமா?" என்றார். நடவுக்கு ஆள் சேர்க்க வந்திருந்த ஒரு பெரியவர் விடவில்லை. "தம்பி, ஏர் உழுற மாடு இன்னா கறியா துன்னுது? மரம் இழுக்குற யானை இன்னா மீனா துன்னுது? அதுக்கு இல்லாத தெம்பு உனக்கு எங்கேந்து வரப்போவுது?" என்று மடக்கினார். டீ ஆறியது. பஸ் வந்தது. தீர்ப்பு மட்டும் வரவில்லை.

பெரியவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருந்து, புல்லைப் புளிக்க வைத்து, மாட்டுக்கு வேண்டிய புரதத்தையும் ஜீவசத்துகளையும் தயாரித்துக் கொடுக்கின்றன. மாட்டின் வயிறே ஒரு தொழிற்சாலை. நம் வயிற்றில் அந்தத் தொழிற்சாலை இல்லை. யானையோ பகலும் இரவும் பெரும்பாகம் தின்றுகொண்டே இருக்கும் பிராணி. அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை விடுகிற ஆலையில் யானைக்கு வேலை கிடைக்காது! ஆகவே மாட்டையும் யானையையும் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிடலாம்.

இளந்தோழருக்குப் பதில் சொல்லச் சற்று நேரமாகும். அதற்கு நாம் பம்பாய்ப் பஞ்சாலைக்குப் போக வேண்டும்.

1928-ஆம் வருஷம். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தசோகை கண்டு மாண்டுகொண்டிருந்தார்கள். சாதாரண இரத்தசோகை அல்ல. இரத்த அணுக்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும். உள்ள அணுக்களோ அளவுக்கு மீறிப் பெருத்திருக்கும். காரணம் ஏதாவது கிருமியா, அழுக்கா, பரம்பரையா என்று பலரும் பலவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அந்த அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். பழம் இல்லை, காய்கறி இல்லை, புரதமும் போதவில்லை. இதில்தான் நோய் இருக்கிறது என்று பிடித்தார்.

ஆராய்ச்சியை அவர் நம் நீலகிரியில் உள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் தொடர்ந்தார். 1931-இல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். இன்றைக்குத் திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று சொல்கிறோமே, அதுதான். கடைசியில் மருந்து கிடைத்தது. எதிலே? பீர் காய்ச்சிய பிறகு மிஞ்சுகிற ஈஸ்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற கறுப்புப் பசையிலே! சீமையில் ரொட்டியில் தடவித் தின்னும் மலிவான சரக்கு. அதைக் கொடுத்ததும் சாகக் கிடந்த பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். 1931-இல் இதை உலகுக்கு எழுதினார்.

அந்தப் பசைக்குள் இருந்த சத்து எது என்று பத்து வருஷம் தேடினார்கள். 1941-இல் அமெரிக்காவில் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்து வடித்து அதைப் பிரித்தெடுத்தார்கள். கீரையிலிருந்து வந்ததால் இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள் அல்லவா? அந்த மாத்திரைக்குள் இந்தச் சத்தும் இருக்கிறது. பெயர் தெரியாத பம்பாய்த் தொழிலாளிப் பெண்கள் பட்ட பாட்டிலிருந்து பிறந்த மாத்திரை அது. தாய்மார்களே, அதை வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள்!

கதை இங்கே பாதிதான். பெருத்த அணு இரத்தசோகையில் இன்னொரு வகை உண்டு. அதற்கு 1926-இல் அமெரிக்க டாக்டர்கள் மைனாட், மர்ஃபி என்ற இருவர் மருந்து கண்டார்கள். அது ஈரல்! தினமும் ஈரலைத் தின்னக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். 1934-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஈரலில் இருந்த சத்தை 1948-இல் பிரித்தெடுத்தார்கள். அதுதான் வைட்டமின் பி-12. இந்தச் சத்து செடி கொடிகளில் இல்லை. ஈரல், மீன், முட்டை, கறி, பால், தயிர் இவற்றில்தான் இருக்கிறது.

பார்த்தீர்களா? பார்வைக்கு ஒரே மாதிரி இரத்தசோகை. ஒன்றுக்கு மருந்து கீரையில் இருந்தது, மற்றொன்றுக்கு மருந்து ஈரலில் இருந்தது. சைவம் பெரிதா அசைவம் பெரிதா என்று டீக்கடையில் சண்டை போடுகிறவர்களுக்கு இயற்கை சொன்ன பதில் இதுதான். அது எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

இப்போது இளந்தோழரிடம் ஒரு கணக்கைச் சொல்வோம். 2014-இல் மத்திய சர்க்கார் எடுத்த கணக்கின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 97 சதவிகிதத்துக்கு மேற்பட்டவர்கள் அசைவம் உண்பவர்கள். நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேர்தான் சைவம். கறி தின்றால் தெம்பு என்றால் தமிழ்நாட்டில் எல்லோரும் பயில்வானாக இருக்க வேண்டும் அல்லவா? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. நூற்றுக்கு 25 குழந்தைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லை.

இது எப்படி? அசைவ நாட்டில் இரத்தம் ஏன் இல்லை?

கணக்கெடுக்க வந்தவர், "கறி மீன் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டார். "சாப்பிடுவோம்" என்று நாம் சொன்னோம். அசைவம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். எத்தனை நாளைக்கு ஒரு தரம், எத்தனை துண்டு, யாருக்கு எந்தத் துண்டு என்று எழுதிக்கொள்ள அந்தத் தாளில் இடமில்லை. நம் தட்டைப் பாருங்கள். மலை போல் சோறு. ஓரத்தில் கருவாட்டுக் குழம்பு. குழம்பில் கருவாடு எங்கே என்று விளக்குப் பிடித்துத் தேட வேண்டும். இது அசைவமா? இல்லை. சைவமா? பருப்பும் காயும் நெய்யும் தயிரும் உள்ள சைவமும் இல்லை. இதற்குப் பெயர் வெறுஞ்சோறு. நம் நாட்டில் சைவம், அசைவம் என்று இரண்டு சாப்பாடு இல்லை, தோழர்களே. போதுமான சாப்பாடு, போதாத சாப்பாடு என்று இரண்டுதான் இருக்கிறது.

மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரி வேண்டும். கடின வேலை செய்பவனுக்கு 3,470. கடின வேலை செய்யும் பெண்ணுக்கு 2,720. மண் வெட்டுகிறவன், மூட்டை தூக்குகிறவன், நாளெல்லாம் குனிந்து நாற்று நடுகிறவள் எந்தக் கணக்கில் வருவார்கள்? புரதம் வேறு, உடம்பின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 0.83 கிராம். அறுபது கிலோ ஆளுக்கு 50 கிராம். நூறு கிராம் அரிசியில் ஏழு கிராம் போலத்தான் புரதம் இருக்கிறது. நூறு கிராம் துவரம்பருப்பில் 22 கிராம். நிலக்கடலையில் 25. மீனில் 20-க்குக் கிட்டே. ஒரு முட்டையில் ஆறு. ரேஷன் கடையில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குப் போடுகிறார்கள். நல்ல காரியம்தான். நான்கு பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் வரும். அதில் புரதம் இரண்டு கிராம்கூட இல்லை! கூலி உள்ளே நுழைந்துவிட்டது பார்த்தீர்களா?

இனி ஒரு விஷயம் சொல்லப் போகிறோம். ஆண் தோழர்களுக்குக் கொஞ்சம் கசக்கும்.

இந்தியா முழுவதும் எடுத்தால் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஆண்களில் 25 பேருக்குத்தான். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. பின் ஏன் இந்த வித்தியாசம்? மாதவிலக்கு, பிரசவம், பால் கொடுப்பது, இவை காரணம், வாஸ்தவம். அது மட்டும்தானா? ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கறி வாங்கி வருகிறோம். முதலில் யார் உட்காருகிறார்கள்? நாம்தான். பிறகு பையன். பிறகு பெண் பிள்ளை. கடைசியில் சட்டியை வழித்துக்கொண்டு உட்காருகிறவள் யார்? துண்டு நமக்கு, குழம்பு அவளுக்கு. காலையில் நமக்கு முன்னால் எழுந்து, நம்மோடு களை பறித்து, நமக்குப் பின்னால் தூங்குகிறவள் அவள். பண்ணையார் நம்மைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தபோது நமக்குக் கோபம் வந்தது. நம் வீட்டிலேயே ஒரு கடைசிப் பந்தி இருக்கிறதே, அதைப் பற்றி எந்தக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம்? சிரிக்காதீர்கள் தோழர்களே, பின்னால் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் சிரிக்கவில்லை.

இரத்தம் போகிற இன்னொரு வழியும் உண்டு. காலில் செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடக்கிறவர்களின் தோல் வழியே கொக்கிப்புழு ஏறும். குடலில் போய்க் கடித்துத் தொங்கிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். ஈரல் தின்றாலும் கீரை தின்றாலும் பாதி அதற்குத்தான். குழந்தைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். அந்த நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். நல்ல கக்கூஸும் செருப்பும்கூட இரத்தசோகைக்கு மருந்துதான்.

அரிசி ஆலைத் தோழர்கள் இங்கே பலர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கோழிக் கதை. 1890-களில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர் பெரிபெரி என்ற நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். கால் மரத்து, வீங்கி, இருதயம் நின்றுபோகும் நோய். அவர் வளர்த்த கோழிகளுக்கும் திடீரென்று கால் இழுத்துக்கொண்டது. பிறகு திடீரென்று குணமாயிற்று. விசாரித்தால், இடையில் கோழிகளுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையின் தீட்டிய வெள்ளைச் சோறு போடப்பட்டிருக்கிறது. புதிதாக வந்த சமையற்காரன், "பட்டாளத்து அரிசியைக் கோழிக்குப் போட மாட்டேன்" என்று நிறுத்திவிட்டான். கோழிகள் பிழைத்தன! மருந்து தவிட்டில் இருந்தது. எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு. சமையற்காரனுக்கு ஒன்றுமில்லை.

இதே குன்னூரில் மெக்காரிசன் என்ற டாக்டர் இந்தியாவின் பல பிரதேசச் சாப்பாடுகளை எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தார். பஞ்சாபிச் சாப்பாடு தின்ற எலிகள் கொழுத்து வளர்ந்தன. சென்னை ராஜதானிச் சாப்பாடு தின்ற எலிகள் கடைசி இடத்தில் நின்றன. கவனியுங்கள்: அந்தப் பஞ்சாபிச் சாப்பாட்டில் கறி வாரத்துக்கு ஒரு தடவைதான். மற்றபடி தவிடு நீக்காத கோதுமை, பால், தயிர், பருப்பு, காய்கறி. நம் சாப்பாட்டில் பாலும் கம்மி. தீட்டிய அரிசியே பிரதானம். கறி உண்டா இல்லையா என்பதல்ல, சோற்றைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதே எலியின் எடையைத் தீர்மானித்தது. அந்தக் குன்னூர் ஆராய்ச்சிக் கூடம்தான் 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய் இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக இருக்கிறது.

ஆனாலும் தமிழ் ஜில்லாக்கள் பெரிபெரியிலிருந்து பெரும்பாலும் தப்பின. ஆந்திரக் கடலோரத்தில்தான் அது ஆட்டம் போட்டது. காரணம் நம் வீட்டுப் பாட்டிகள்! நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்துக் குத்தினார்கள். அவிக்கும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுங்கல் அரிசியைக் கேவலமாகப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். இன்றைக்கு நாம் ஆலையில் நின்று அரிசியைக் கண்ணாடி போலத் தீட்டுகிறோம். சத்தெல்லாம் தவிடாகி மாட்டுக்கும் எண்ணெய் ஆலைக்கும் போகிறது. பளபளப்பு நமக்கு.

வெள்ளைச் சோற்றில் இன்னொரு பகையும் வந்திருக்கிறது: சர்க்கரை வியாதி. பணக்காரன் வியாதி என்று நினைத்தோம். 2023-இல் வந்த தேசிய ஆய்வில் இந்தியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் சர்க்கரை வியாதி. தமிழ்நாட்டில் அதைவிட அதிகம். நம் நாட்டு ஜனங்கள் உண்ணும் கலோரியில் 62 சதவிகிதம் மாவுச் சத்திலிருந்தே வருகிறது என்று 2025-இல் அதே ஆய்வாளர்கள் சொன்னார்கள். சைவ ஹோட்டல் பூரியும் போண்டாவும் கேசரியும் சைவம்தான். அதனாலேயே அவை மருந்தாகிவிடா.

அசைவத்துக்கு எதிராக விஞ்ஞானம் எதுவும் சொல்லவில்லையா? சொல்கிறது. மறைக்கக் கூடாது. 2015-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, உப்பும் ரசாயனமும் சேர்த்துப் பதப்படுத்திய கறி குடற்புற்றை உண்டாக்கும் என்று அறிவித்தது. தினமும் 50 கிராம் தின்றால் அபாயம் 18 சதவிகிதம் கூடுகிறது. ஆடு, மாடு, பன்றிக் கறியும் அந்த அபாயத்தைத் தரக்கூடும் என்றது. ஆனால் இது தினமும் தட்டு நிறையத் தின்கிற மேல்நாட்டைப் பற்றிய கணக்கு. மாதம் இரண்டு தடவை கால் கிலோவை ஐந்து பேர் பங்கிடும் வீட்டுக்கு இதைக் காட்டி யாரும் பயமுறுத்த வேண்டாம். நம் வீட்டில் பயப்பட வேண்டியது கருவாட்டு உப்புக்குத்தான். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள், கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரித்த ரோட்டோரச் சிக்கனை இளந்தோழர் தெம்பு என்று நினைத்தால், அது அவருடைய பர்ஸுக்கும் நல்லதல்ல, இருதயத்துக்கும் நல்லதல்ல.

இங்கிலாந்தில் 48,000-க்கு மேற்பட்டவர்களைப் பதினெட்டு வருஷம் கவனித்து 2019-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். ஆயிரம் பேரைப் பத்து வருஷம் பார்த்தால், கறி உண்பவர்களைவிடச் சைவர்களுக்கு இருதய அடைப்பு நோய் 10 பேருக்குக் குறைவு. பக்கவாதமோ 3 பேருக்கு அதிகம். மீன் உண்பவர்களுக்கும் இருதய நோய் குறைவுதான். தராசு எந்தப் பக்கமும் ஒரேயடியாகச் சாயவில்லை.

பிராய்லர் கோழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஹார்மோன் ஊசி போட்டு வளர்க்கிறார்கள், பெண் பிள்ளைகள் சீக்கிரம் பெரியவளாகிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. இதற்கு ஆதாரம் இல்லை. இனத்தேர்வும் தீவனமும்தான் அந்தக் கோழியை ஆறு வாரத்தில் வளர்க்கின்றன. பயப்பட வேண்டியது வேறு: கோழிப் பண்ணைகளில் கண்டபடி கொடுக்கும் கிருமிக்கொல்லி மருந்துகள். மனிதனுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிக்குக் கொடுத்துவந்தார்கள். 2019-இல்தான் மத்திய சர்க்கார் தடை போட்டது. வதந்திக்குப் பயந்து பெண் குழந்தைக்கு முட்டையை நிறுத்திவிடாதீர்கள்!

சுத்தத்தைச் சொல்லாமல் விட முடியாது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே கைபேசி செய்யும் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டில் நஞ்சேறி, 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெங்களூர் நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு யாரும் சைவமா அசைவமா என்று கேட்கவில்லை. மனிதர் சாப்பிடக்கூடிய சோறா என்றுதான் கேட்டார்கள்.

இனி முட்டைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1956-இல் பள்ளியில் மதிய உணவு வந்தது. 1982-இல் சத்துணவாகப் பெருகியது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 2010-இல் வாரத்துக்கு ஐந்து முட்டை. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். எந்தச் சாமியும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் மத்தியப் பிரதேசத்தில் 2015-இல், ஆதிவாசிக் குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் முட்டை கொடுக்கலாம் என்ற யோசனையை அன்றைய முதல்வர் நிராகரித்தார். கர்நாடகத்தில் 2021-இல் ஏழை ஜில்லாக்களில் முட்டை கொடுக்கத் தொடங்கியதும் சில மடாதிபதிகள் போர்க்கொடி தூக்கினார்கள். முட்டை தின்னும் வீட்டுப் பிள்ளையின் தட்டிலிருந்து, முட்டை தின்னாத வீட்டுப் பெரியவர் முட்டையை எடுக்கிறார். இது என்ன தர்மம்? 2015-இல் தாத்ரியில் மாட்டுக்கறி வைத்திருந்தான் என்று சொல்லி ஒரு மனிதனை அடித்தே கொன்றார்கள். அங்கே பேசியது ஆரோக்கியமா?

நம் ஊருக்கே வருவோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலே முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலைத் தேர்தல் நடந்த ஊர் என்று உலகமே பாராட்டுகிறது. நாமும் பெருமைப்படுகிறோம். ஆனால் முழுவதும் படித்தவர்கள் குறைவு. யார் பெயரை ஓலையில் எழுதலாம்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் உள்ளவன். சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவன். யார் பெயரை எழுதக் கூடாது? கணக்குக் காட்டாதவன், சரி, நல்ல விதி. அதே பட்டியலில், தகாத உணவை உண்டவனுக்கும் இடமில்லை! தட்டைப் பார்த்து ஆளை விலக்கும் வழக்கம் இந்த ஊரில் ஆயிரத்து நூறு வருஷமாகக் கல்லிலே நிற்கிறது. நிலமும் உள்ளே வந்துவிட்டது.

இதைவிடப் பழைய சாட்சியும் காஞ்சிக்கு உண்டு. காஞ்சித் தலைவன் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வழிநெடுக யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று புலவர் சொல்லிக்கொண்டே போகிறார். எயினர் குடிலில் புல்லரிசிச் சோறும் உப்புக்கண்டமும். ஆயர் வீட்டில் தினைச் சோறும் பாலும். உழவர் வீட்டில் நெல்லுச் சோறும் கோழியும். வலைஞர் வீட்டில் மீன். பார்ப்பனர் வீட்டில் வெண்ணெயில் வெந்த மாதுளங்காய். ஒருவர் சாப்பாட்டையும் புலவர் பழிக்கவில்லை. வழிப்போக்கனின் பசியைத்தான் பார்த்தார்.

கொல்லாமையை நெஞ்சார நம்பி மரக்கறி உண்பவர்களை நாம் கேலி செய்யவில்லை. வள்ளுவர் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமே வைத்தார். வள்ளலார் புலால் உண்ணாதவர். 1867-இல் அவர் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் ஏழைக்குச் சோறு போடுகிறது. அவர் பசித்தவன் தட்டிலிருந்து எதையும் எடுக்கவில்லை, போட்டார். காஞ்சி நெசவாளர்களில் சைவ வீட்டுத் தோழர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம்: சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்து முழுப் புரதமாகும். பயறு, கொள்ளு, நிலக்கடலை விடாதீர்கள். பாலோ தயிரோ தினமும் வேண்டும்; பி-12 அதில்தான் உங்களுக்கு வரும். அது குறைந்தால் உடனே தெரியாது. வருஷக்கணக்கில் மெல்லக் குறைந்து காலில் மரமரப்பும் மறதியுமாக வரும். அப்போது "வயசாயிடுச்சு" என்று சும்மா இருந்துவிடாமல் டாக்டரிடம் போங்கள்.

அசைவ வீட்டாருக்கும் சொல்கிறோம். கையில் காசு குறைவு என்றால் தொடைக்கறிக்கு ஆசைப்பட வேண்டாம். சுவரொட்டி, ஈரல், இரத்தப் பொரியல், மத்தி, நெத்திலி இவற்றில்தான் காசுக்கு அதிகச் சத்து. கர்ப்பிணிகள் ஈரலை அளவோடு சாப்பிட வேண்டும்; அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். கறியிலுள்ள இரும்பு இரத்தத்தில் சுலபமாகச் சேரும். கீரை, கேழ்வரகு இவற்றிலுள்ள இரும்பு கொஞ்சம்தான் சேரும். கூட ஒரு எலுமிச்சைத் துண்டோ நெல்லிக்காயோ இருந்தால் அதிகம் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேருவதும் சேராது. ஆலை கேன்டீனில் சாப்பாடு முடிந்ததும் டீக்கு ஓடும் தோழர்கள் ஒரு மணி நேரம் பொறுங்கள். கேழ்வரகுக் கூழைப் பிள்ளைகள் வெட்கப்பட்டு ஒதுக்குகிறார்கள். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. வேறெந்தத் தானியத்திலும் அவ்வளவு இல்லை.

ஒரு காலத்தில் இந்த ஊர்ப் பக்கத்து ஏழைக்குக் காசில்லாத புரதம் வயலிலேயே இருந்தது. வரப்பில் நண்டு, வாய்க்காலில் கெண்டை, சேற்றில் விரால், நத்தை. களை பறிக்கப் போன பெண் மடியில் கட்டிக்கொண்டு வருவாள். பூச்சிமருந்து வந்தது; நண்டும் நத்தையும் போயின. ஏரியில் மீன்பாசிக் குத்தகை வந்தது. மீன் குத்தகைக்காரனுக்குப் போயிற்று. பல்லவர் காலத்தில் வெட்டிய ஏரி நம் ஏரி. வெட்டியவன் கூலியாள். தூர் எடுத்துக் கரை போட்டவன் கூலியாள். அதன் மீனை இன்று சந்தையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறவனும் அவனே.

ஆகவே மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். 2023-இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்களே, அதை நம் ஜில்லாவிலும் கொடுக்க வேண்டும். நம் நிலத்துக் கேழ்வரகையே வாங்கிக் கொடுக்க வேண்டும். பருப்பு ஒரு கிலோ போதாது, இரண்டாக்க வேண்டும். ஏரி மீன் குத்தகையை உள்ளூர் ஏழைகளின் கூட்டுறவுக்கே விட வேண்டும்; பிடித்த மீனில் ஒரு பங்கு ஊருக்குள் மலிவாக விற்க வேண்டும். இவற்றோடு ஆலைத் தோழர்கள் தங்கள் கேன்டீன் சாப்பாட்டைப் பரிசோதிக்கத் தொழிலாளர் கமிட்டி கேட்டுத் தனி மனு எழுதியிருக்கிறார்கள். அதுவும் இங்கே இருக்கிறது.

மேடைக்கு இடது பக்கம் மேஜை போட்டு மனுக்களை வைத்திருக்கிறோம். படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்திலிருப்பவருக்குப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள். அப்புறம் பாயசம் இல்லை, அவித்த கடலையும் முட்டையும் வைத்திருக்கிறது. முட்டை வேண்டாதவர்களுக்கு வாழைப்பழம் உண்டு. தாய்மார்கள் முதலில் வாருங்கள். ஆண் தோழர்கள் இன்று கடைசிப் பந்தி.